சூடான மேகம்

என் நாத்தனாருக்கு ஆபீஸ்ல வச்ச பேரு சந்தேகம் மேடம். நாங்க வீட்டுல பேரு வைக்கலையே தவிர, குணம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. பால் பாக்கெட்டுல தேதி போட்டிருந்தா, அந்தத் தேதியைப் போட்டவன் எப்பப் போட்டான்னு கேப்பா. வீட்டுல ரெண்டு தெர்மாமீட்டர் வச்சிருக்கா. ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக்குடுத்துடுமாம். ரெண்டும் சேர்ந்து பொய் சொன்னா என்ன பண்ணுவேன்னு ஒரு தடவை கேட்டேன். "மூணாவது வாங்குவேன் அண்ணி"ன்னா. விளையாட்டுக்குச் சொல்லல, முகத்துல சிரிப்பே இல்ல.

கல்யாணம் ஆகாததுக்கும் அதுதான் காரணம். அவ சிநேகிதி ஒருத்தி தன் சொந்தக்காரன் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினா. பையன் லட்சணமா இருந்தான். நாங்க எல்லாரும் மூக்கையும் முழியையும் பார்த்தோம்னா, இவ அவனுக்குப் பின்னாடி சுவத்துல தொங்கின காலண்டரைப் பார்த்தா. "இது ஆறு வருஷத்துக்கு முந்தின படம். ஏன் புதுசு குடுக்கல?"ன்னு கேட்டா. நேர்ல வந்தவன் தலையில பாதி முடி இல்ல. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. இப்ப நாப்பத்தாறு வயசு. துணி வெளுக்கிற கடைக்கு மேல ரெண்டு ரூம் வீட்டுல தனியா இருக்கா. நிம்மதியாத்தான் இருக்கா, சொல்லப்போனா என்னைவிட.

அவ வேலையே சந்தேகப்படுறதுதான். பஸ் டிப்போவுக்குப் பின்னாடி ஒரு மூணு மாடிக் கட்டடம், மேல பெரிய டிஷ். தினம் காலையில பத்தரை மணி வாக்குல ஒரு செயற்கைக்கோள் எங்க கடலுக்கு மேல போகும். அது பார்த்ததெல்லாம் அந்த டிஷ்ல இறங்கும். படம்னா நாம போன்ல எடுக்கிற படம் மாதிரி இல்ல. எந்த இடத்துல தண்ணி என்ன நிறம், எவ்வளவு சூடு, அவ்வளவுதான். தண்ணியில பாசி கூடினா நிறம் மாறும், அதை வச்சு பாசி எங்க சேருதுன்னு சொல்லிடுவாங்க. மேகம் மறைச்ச இடத்துல கடல் தெரியாதில்லையா, அந்த இடத்தையெல்லாம் ஒரு புரோகிராம் தானாவே வெட்டிட்டு வெள்ளையா விட்டுடும். மிச்சத்தை இவ உட்கார்ந்து பார்த்து, சரின்னு கையெழுத்துப் போட்டாதான் வரைபடம் மீன் வளர்க்கிறவங்களுக்கும் படகுக்காரங்களுக்கும் போகும். இருபத்திரண்டு வருஷமா இதே வேலை.

ஒரு தடவை சாவி குடுக்க அவ ஆபீசுக்குப் போனேன். ஜன்னல்ல வெளிச்சம் வரக்கூடாதுன்னு அட்டைப்பெட்டியைப் பிரிச்சு ஒட்டி வச்சிருந்தா. மேசையில ரெண்டு கம்ப்யூட்டர், கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து, கோடு போட்ட நோட்டு. திரையில எங்க கரை தெரிஞ்சுது. எனக்குத் திக்குன்னு ஆச்சு.

"இங்க உட்கார்ந்துக்கிட்டே எங்களைப் பார்க்கிறியா?"ன்னு கேட்டேன்.

"உங்களை எங்க அண்ணி பார்க்கிறது? இந்த ஒரு புள்ளி முந்நூறு மீட்டர். உங்க கூண்டு அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு புள்ளியில மூலைக்குக் காணாது. இது எதையும் கீழ அனுப்பித் தேடாது, டார்ச் அடிக்காது. சூரிய வெளிச்சம் கடல்ல பட்டுத் திரும்பி வருதில்ல, அதை வாங்கிக்கும். கடலோட சூட்டை வாங்கிக்கும். சும்மா வாங்கிக்கிறதுதான் அதோட வேலை."

ஒட்டுக் கேக்கிறவங்களும் சும்மா வாங்கிக்கத்தானே செய்றாங்க! அவங்களும் ஒரு வார்த்தை பேசறதில்லையே! மனசுல நினைச்சுக்கிட்டேன்.

எங்க பிழைப்பு கடல் கூண்டு. கரையிலிருந்து கொஞ்ச தூரத்துல பெரிய வட்டமா பிளாஸ்டிக் குழாய் மிதக்கும், அதுல வலை தொங்கும், வலைக்குள்ள மீன் வளரும். என் வீட்டுக்காரரும் ரெண்டு வேலையாளுங்களும் காலையில போய்த் தீனி போடுவாங்க, நான் கரையில வலை தைப்பேன், கணக்கில்லாம திட்டுவேன். கூண்டு போடுற இடத்துக்கு எல்லை உண்டு, மஞ்சள் மிதவை போட்டுக் குறிச்சிருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்களோட நாலு கூண்டு அந்த எல்லையைத் தாண்டி இருந்துச்சு. தப்புதான், இல்லேங்கல. ஆனா யாருக்கும் தெரியாது. திடீர்னு ஒருநாள் சோதனைப் படகு வந்துச்சு. பக்கத்துக் கூண்டுக்காரங்க பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. நேரா வந்து எங்க நாலு கூண்டுக்குப் பக்கத்துல நின்னுச்சு. நாலையும் பிரிச்சு எடுக்கச் சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை எல்லை தாண்டினா இடமே கிடையாதுன்னு எழுதிக் கையெழுத்தும் வாங்கிட்டாங்க.

நேரா வந்தாங்களே, அதுதான் என் மண்டையைக் குடைஞ்சுது. யாரோ விரலை நீட்டிக் காட்டாம எப்படி நேரா வருவாங்க? நாள் பூரா மேலேயிருந்து கடலைப் பார்க்கிறவ ஒருத்திதானே எங்க குடும்பத்துல இருக்கா? அதுவும் முந்தின வாரம் சாப்பிட வந்தப்ப, "இப்ப எத்தனை கூண்டு அண்ணா?"ன்னு கேட்டா. பத்தொன்பதுன்னு இவர் வெள்ளந்தியாச் சொன்னார். அவகிட்டயே கேட்டேன். முந்நூறு மீட்டர், ஒரு புள்ளி, மூலைன்னு பழைய பாட்டையே பாடினா. யார் காதுல பூ சுத்துறா? அன்னையிலிருந்து பேச்சு குறைஞ்சுபோச்சு. இவரும் அவ போன் வந்தா எடுக்கிறதில்ல. அவளுக்கு மேகத்து மேல சந்தேகம், எங்களுக்கு அவ மேல சந்தேகம். அந்த நாலு கூண்டை யார் காட்டிக்குடுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இப்ப இந்த வருஷத்துக்கு வர்றேன். மிச்சம் பதினஞ்சு கூண்டு. அதுல மீன் பதினோரு மாசம் வளர்ந்து கைக்கு நெருக்கமா வந்துடுச்சு, மீன் எடுக்க இன்னும் மூணே வாரம். இந்தத் தடவை மீன் எடுத்துக் காட்டலைன்னா கடல்ல எங்க இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அதுதான் சட்டம். காலி இடத்தைக் காத்துக்கிட்டு எட்டுப் பேர் வரிசையில நிக்கிறாங்க. எனக்குத் தூக்கத்துலயும் மீன்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மூணு மணிக்குக் கதவைத் தட்டினா நாத்தனார். ஒன்றரை வருஷமா எங்க வீட்டுப் படி மிதிக்காதவ. ஆபீஸ் அட்டையைக் கழுத்துலேயிருந்து கழட்டிப் பையில போட்டிருந்தா, கயிறு மட்டும் வெளியே தொங்கிச்சு. எனக்கு அப்பவே பொறி தட்டிச்சு. வேலை நேரத்துல, ஆபீஸ் அட்டையை ஒளிச்சு வச்சுக்கிட்டு, இவ எதுக்கு வர்றா?

"அண்ணன் இல்லையா?"

"கடல்ல."

உட்காரக்கூட இல்ல. நின்னபடியே படபடன்னு சொன்னா. "அண்ணி, மூணு நாளா படத்துல ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு. வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வளைஞ்சு. புரோகிராம் அதை மேகம்னு வெட்டிடுது. மூணு நாள் ஒரே வடிவத்துல எந்த மேகம் இருக்கும்? காத்து அடிக்குது, அது காத்தோட போகல, நீரோட்டத்தோட போகுது. சூட்டுப் படத்தைத் திறந்து பார்த்தேன். மேகம்னா மேல குளிர்ந்து கிடக்கணும். இது பக்கத்துக் கடலைவிட அரை டிகிரி சூடு. இது மேகமே இல்ல அண்ணி, பாசி. தண்ணியை விட்டு மேல வந்து அடர்த்தியா மூடியிருக்கு. இவ்வளவு பளிச்சுன்னு தண்ணி இருக்காதுன்னு புரோகிராம் நினைச்சுக்குது. நாளான்னைக்கு உங்க கூண்டுக்கு வந்துடும்."

"அப்படின்னா ஊருக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"மேலாளர் விடமாட்டேங்கறார். படகு போய்த் தண்ணி எடுத்துப் பார்த்தாதான் எச்சரிக்கை விடணுமாம். படகு எஞ்சின் பிரிச்சுக் கிடக்கு, திங்கக்கிழமை வரைக்கும் ஆகும். உங்களுக்குத் தனியாச் சொல்றது தப்பு. தெரிஞ்சா என் வேலை போயிடும். பரவாயில்ல. அண்ணன்கிட்ட சொல்லுங்க. கூண்டைத் தெற்கே இழுத்துடச் சொல்லுங்க, மிதவையைத் தாண்டி. தீனியை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க."

மிதவையைத் தாண்டி! அந்த வார்த்தைதான் என் காதுல விழுந்துச்சு, மத்ததெல்லாம் விழல. இன்னொரு தடவை தாண்டினா இடமே கிடையாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். அது இவளுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே மிதவையைத் தாண்டி இழுங்கறா. ஊருக்குச் சொல்லாம எங்களுக்கு மட்டும் சொல்றா. போன தடவை எத்தனை கூண்டுன்னு கேட்டுட்டுப் போனா, சோதனைப் படகு வந்துச்சு. இந்தத் தடவை எங்க இழுக்கணும்னே சொல்லிக் குடுக்கிறா, படகு அங்க போய்க் காத்துக்கிட்டு நிக்கும்போல!

"சரி, சொல்றேன்"னேன்.

"கண்டிப்பா சொல்லுங்க அண்ணி"ன்னு என் கையைப் பிடிச்சா. அவ கை சில்லுன்னு இருந்துச்சு. என்ன நடிப்புடா சாமின்னு நினைச்சேன். நினைச்சேன்னு சொல்ல இப்ப நாக்கு கூசுது.

அவ போனப்புறம் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். ரோட்டு முனை வரைக்கும் போனவ, திரும்பி வீட்டை ஒரு தடவை பார்த்தா. அதுவும் எனக்குத் தப்பாத்தான் பட்டுச்சு.

சாயங்காலம் இவர் வந்தார். பூட்ஸைக் கழட்டி வாசல்ல கவுத்துப் போட்டார். சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கிட்டே, "இன்னைக்கு யாராவது வந்தாங்களா?"ன்னார்.

தினம் அப்படிக் கேக்கிற ஆளே இல்ல. ஆனா அன்னைக்கு அது எனக்கு உறைக்கல. சொன்னா இவர் தங்கச்சிப் பாசத்துல கூண்டை இழுத்துட்டுப் போய் மாட்டிக்குவாரேங்கற பயம் ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு.

"யாரும் வரலையே"ன்னேன்.

"ம்"முன்னார். சாப்பிட்டார், கை கழுவினார், படுத்துட்டார்.

வெள்ளிக்கிழமை கடல் எப்பவும் போல இருந்துச்சு. பார்த்தியா, எல்லாம் கதைன்னு எனக்குள்ள ஒரு தெம்பு. தீனி போட்டாங்க. மூட்டையை நானே எண்ணிப் படகுல ஏத்திவிட்டேன்.

சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு வேலையாள் போன் பண்ணினான். "அக்கா, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. தண்ணி கஞ்சி மாதிரி இருக்கு"ன்னான். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள முதல் வரிசைக் கூண்டுகள்ல மீன் புரண்டு வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. தண்ணியில கையை விட்டேன், விரலெல்லாம் வழவழன்னு ஒட்டிச்சு. அதுல மீன் எங்கேயிருந்து மூச்சு விடும்? பாவி, நீதான் கொன்னேன்னு என்னையே வாய்விட்டுச் சொன்னேன். மோட்டார் சத்தத்துல யாருக்கும் கேக்கல. பத்து மணிக்குள்ள பதினஞ்சு கூண்டும் முடிஞ்சுது. தீனி தின்ன வயித்தோட இருந்ததுதான் முதல்ல போச்சுன்னு வேலையாள் சொன்னான்.

எங்க மீன் செத்தது தெரிஞ்சப்புறம்தான் அவ மேலாளர் அந்த வெள்ளைத் திட்டைத் திறந்தாராம். மூணு நாளா இவ அவர் மேசைக்கு முன்னாடி நின்னு கெஞ்சினதை, "மேகத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏன் தொங்கறீங்க?"ன்னு அவர் எரிஞ்சு விழுந்ததை, எல்லாம் அவ பக்கத்து மேசைக்காரம்மா பிற்பாடு எனக்குச் சொன்னாங்க. மதியமே எச்சரிக்கை போச்சு. எங்களுக்கு அந்தாண்ட இருந்த பன்னிரண்டு கூண்டுக்காரங்க சாயங்காலத்துக்குள்ள இழுத்துப் பிழைச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு மிதவை தாண்டினதுக்கு யாரும் ஒண்ணும் கேக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் அவ வீட்டுக்கு வந்தா. வேலையாளுங்க ரெண்டு பேரும் உடம்பெல்லாம் மீன் நாத்தத்தோட டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க. இவர் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வானத்துலேயிருந்து எல்லாத்தையும் பார்க்கிறவதானே நீ? இவ்வளவு பெரிசா வந்துச்சே, உன் கண்ணுல படலையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"ன்னு கத்தினார்.

அவ என்னைப் பார்த்தா. நான் டீ டம்ளரைப் பார்த்தேன். சொல்லிடப்போறா, இதோ சொல்லப்போறான்னு நினைச்சேன். அவ இவரையும் ஒரு தடவை பார்த்தா.

"பட்டுச்சு அண்ணா. எனக்கே உறுதியாத் தெரியல. அதான் சொல்லல"ன்னா.

வேலையாளுங்கள்ல ஒருத்தன் தூன்னு துப்பாத குறையா முகத்தைத் திருப்பிக்கிட்டான். நான் குடுத்த டீயை அவ கையில வச்சிருந்தா, ஒரு வாய்கூடக் குடிக்கல. வச்சுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. நான் வாசல் வரைக்கும்கூடப் போகல.

பதினோரு நாள் அதை வயித்துல வச்சுக்கிட்டு இருந்தேன். தெருவுல அவளைக் காட்டி, கண்ணு முன்னாடி பார்த்தும் அண்ணனுக்குச் சொல்லாதவன்னு பேசறாங்க. மீன் கடைக்காரி என்கிட்டயே சொல்றா. நானும் தலையை ஆட்டிட்டு வர்றேன். கடல்ல எங்க இடத்தைக் காலி பண்ணச் சொல்லிக் கடுதாசி வந்த அன்னைக்குக் காலையில, கரையில வலையைப் பிரிச்சுக்கிட்டிருந்தோம். இனிமே தாங்காதுன்னு இவர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். மூணு மணிக்கு வந்தது, கையைப் பிடிச்சது, மிதவைன்னு சொன்னது, நான் மறைச்சது. அடிக்கிறதுன்னா அடிங்க, வீட்டை விட்டுப் போன்னாலும் போறேன்னேன்.

இவர் திட்டல. வலையைக் கீழ வச்சார். பையிலேயிருந்து போனை எடுத்து, தேடி, என்கிட்ட நீட்டினார். அந்த வியாழக்கிழமை, மூணு மணி இருபது நிமிஷம். ரோட்டு முனைக்குப் போனதுமே அனுப்பியிருக்கா.

"அண்ணா, நீ போன் எடுக்கல. மிதவை தாண்டித் தெற்கே இழுத்துடு. தீனி போடாதே. அண்ணிகிட்ட நேர்ல போய் விவரமாச் சொல்லிட்டேன். அவங்க சொல்றபடி செய்."

"உங்களுக்குத் தெரியுமா?"ன்னேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அவளைக் கேட்டீங்க?"

"வேலைக்காரங்க என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. என்னால ஒத்துக்க முடியல." வலையைத் திரும்பக் கையில எடுத்தார். "நான் நம்பலாமா வேண்டாமான்னு தெரியாமத்தான் வீட்டுக்கு வந்தேன். அவ நிஜமாவே வந்து சொல்லியிருந்தா, அப்பவே கிளம்பிப் போய்க் கூண்டை இழுத்திருப்பேன். அதுக்குத்தான் உன்னைக் கேட்டேன், யாராவது வந்தாங்களான்னு. நீ யாரும் வரலைன்னே. சரி, தங்கச்சி பொய் சொல்றா, ஏதோ திட்டம் போடறான்னு படுத்துட்டேன்."